சேசு என்னும் திருநாமம்: வழிபாட்டு மொழியும் வாழ்க்கை மொழியும்

1

கத்தோலிக்கத் தமிழ் இலக்கியம் குறித்து நம் நாட்டில் நிகழ்ந்துவந்த ஆராய்ச்சிகளைத் தொகுத்து நோக்குவோமாயின், அவை பெரும்பாலும் இருவேறு திசைகளிற் செல்வதைக் காணலாம். ஒரு சாரார் 'கிறிஸ்தவர் ஆற்றிய தமிழ்த்தொண்டு' என்ற தலைப்பின்கீழ் ஆசிரியர் பெயர்களையும் நூற்பெயர்களையும் அச்சேறிய ஆண்டுகளையும் நிரல்படுத்துவதோடு அமைதி காண்கின்றனர். மற்றொரு சாரார், நம்மோடு ஒத்த கருத்துடைய முற்போக்காளர் சிலர் உட்பட, அவ்விலக்கியம் முழுவதையும் குடியேற்ற ஆட்சியின் மதப்பிரசாரம் எனக் கூறி ஒதுக்கிவிடுகின்றனர். முன்னையோர் நூலைக் காண்கின்றனர். பின்னையோர் ஆட்சியைக் காண்கின்றனர். அந்நூல்களை நெட்டுருப்பண்ணி, நாள்தோறும் வாயாற் சொல்லி, தம் பிள்ளைகளுக்குக் கையளித்த மக்களை இரு சாராருமே காணவில்லை என்பது நமது கருத்து.

இக்குறையை உணர்த்துதற்கு மிகச் சிறியதொரு பாடத்தை ஈண்டு ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொள்கின்றோம். அது காவியமன்று, அம்மானையன்று. ஈரெழுத்தாலான ஒரு பெயர். சேசு என்னும் அப்பெயர் கத்தோலிக்கத் தமிழரின் அன்றாட வாழ்விற் பெற்றுள்ள இடம் வியப்புக்குரியது. காலையிற் கண்விழிக்கையில் அது சொல்லப்படுகின்றது. குழந்தை தடுக்கி விழுந்தால் தாயின் வாயில் முதலில் வருவது அது. வள்ளம் கரையை விட்டு நகரும்போதும், பிரசவ வேதனையின்போதும், இடி முழங்கும்போதும் அது ஒலிக்கின்றது. மரணப் படுக்கையிற் கிடப்பவரின் காதருகே மரியின் பெயரோடும் சூசையின் பெயரோடும் சேர்த்து அதனை மெல்லச் சொல்லுவர். பூசையில் அப்பெயர் உச்சரிக்கப்படும்போது தலை குனிகின்றது. அப்பெயரை வீணாகச் சொல்லலாகாது என்று ஞானோபதேச வகுப்பிற் சிறுவர் கற்கின்றனர்.

இங்கு ஒரு வினா எழுகின்றது. எது வணக்கம், எது வீண்சொல் என்பதை வரையறுப்பவர் யாவர்? வேறு வகையிற் கேட்பதாயின், இப்பெயர் யாருக்கு உரியது? இலக்கிய வினாவாகத் தோன்றாத இது, உண்மையில் இலக்கிய வினாக்களுள் மூலமானது. மொழியின்மீது உரிமை யாருக்கு என்பதே அதன் உட்பொருள்.

2

சமயம் பற்றிய மார்க்சியக் கருத்தென்றால் அபினி என்ற ஒரு சொல்லே பலருக்கும் நினைவுக்கு வருகின்றது. 1844இல் வெளியான ஹெகலின் உரிமைத் தத்துவம் பற்றிய விமர்சனத்தின் முன்னுரையில் அச்சொல் வருவது உண்மையே. ஆயின், அதற்குச் சற்று முன்னரே, சமயத் துன்பத்தை மெய்யான துன்பத்தின் வெளிப்பாடாகவும் அதே வேளையில் அத்துன்பத்துக்கு எதிரான முறையீடாகவும் மார்க்ஸ் விளக்கியிருப்பதை நம்மவர் பலர் மறந்துவிடுகின்றனர். வெளிப்பாடு, முறையீடு என்ற இரண்டும் ஒரே சொல்லில் எவ்வாறு குடியிருக்க முடியும் என்பதற்கு 1929இல் வெளிவந்த வொலோஷினோவின் மொழித் தத்துவ நூல் நமக்கு வழிகாட்டுகின்றது. ஒரு சமுதாயத்தின் பல வர்க்கங்களும் ஒரே மொழியையே வழங்குகின்றன. ஆதலின் ஒவ்வொரு சொல்லும் முரண்பட்ட நலன்கள் மோதும் களமாகின்றது. ஆளும் தரப்பு அச்சொல்லுக்கு ஒரே பொருளை நிலைநிறுத்த முயல்கின்றது. இது அவரது வாதத்தின் சாரம். திருநாமம் அத்தகைய களங்களுள் ஒன்று என்பதே இக்கட்டுரையின் கருதுகோள்.

இதனை வரலாறும் அரண்செய்கின்றது. பிலிப்பியருக்கு எழுதப்பட்ட நிருபத்தின் இரண்டாம் அதிகாரம், எல்லா முழங்கால்களும் மடங்கவேண்டிய பெயராக இப்பெயரைக் கூறுகின்றது. அதற்கு முந்திய அடிகள் எவருடைய பெயர் அது என்பதைச் சொல்லுகின்றன. அடிமையின் வடிவை ஏற்றுச் சிலுவையில் மாண்டவர் ஒருவரின் பெயர் அது. உரோமப் பேரரசிற் சிலுவை என்பது அடிமைகளுக்கும் கலகக்காரருக்கும் உரிய தண்டனை என்பது மனங்கொள்ளத்தக்கது. தண்டிக்கப்பட்ட அடிமையின் பெயருக்குச் சகலரும் பணியவேண்டும் என்ற கூற்று, அது தோன்றிய காலத்தில் உலகியல் ஒழுங்கைத் தலைகீழாக்கிய கூற்றாகும்.

பின்னைய நூற்றாண்டுகளில் அக்கூற்று ஒழுங்கின் ஒரு பகுதியாக மாற்றப்பட்டது. 1274இல் லியோனிற் கூடிய பொதுச்சங்கத்தின் காலத்தில், பத்தாம் கிரகரி இப்பெயரைக் கேட்கும்போது தலைவணங்குதலை விதியாக்கினார். பதினைந்தாம் நூற்றாண்டின் இத்தாலிய நகரங்களில் வணிகக் குடும்பங்களும் அரசியற் கட்சிகளும் ஒன்றையொன்று அழித்துக்கொண்டிருந்தபோது, சியன்னா நகரத்துப் பெர்னார்தின் ஐ.எச்.எஸ். என்னும் மூவெழுத்துப் பொறித்த பலகையை ஏந்திச் சென்று பிரசங்கித்தார்; வீட்டு வாசல்களிற் கட்சிச் சின்னங்களை அகற்றி அவ்வெழுத்துக்களைப் பொறிக்கும்படி வேண்டினார். பகை தணிக்கும் நோக்கம் அதில் இருந்தது. பகைக்குக் காரணமான சொத்துறவுகள் அப்படியே நிற்க, வாசற்சின்னம் மாத்திரம் மாறிற்று என்பதும் உண்மை. அவர்மீதே பேதகக் குற்றஞ் சாட்டப்பட்டு 1420களில் உரோமாபுரியில் விசாரணை நிகழ்ந்தமையும் பின் அவர் குற்றமற்றவரெனக் காணப்பட்டமையும், நிறுவனம் இப்பெயரைக் கட்டுப்பாடின்றித் தெருவில் விட அஞ்சியதைக் காட்டுகின்றன. 1721இல் திருநாமத் திருவிழா முழுத் திருச்சபைக்கும் உரியதாக்கப்பட்டது. 1969ஆம் ஆண்டின் சீர்திருத்த நாட்காட்டியில் அது இடம்பெறவில்லை. 2002இல் சனவரி 3ஆம் நாளுக்குரிய விருப்ப நினைவாக மீண்டது. நாட்காட்டியில் அத்திருவிழா இல்லாதிருந்த முப்பத்துமூன்று ஆண்டுகளிலும் நமது கரையோரங்களில் அப்பெயரைச் சொல்லாத நாள் ஒன்றேனும் இருந்ததில்லை. நிறுவனத்தின் காலக்கணக்கும் மக்களின் காலக்கணக்கும் வேறுவேறு என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

3

இப்பெயர் தமிழுக்குக் கடல்வழியே வந்தது. 1530களின் நடுப்பகுதியில் முத்துக்குளித்துறைப் பரதவர் திருமுழுக்குப் பெற்றனர். சலாபத்தின்மீது தமக்கிருந்த உரிமையைப் போட்டியாளரிடமிருந்து காத்துக்கொள்ளப் போர்த்துக்கேயரின் பாதுகாப்பு அவர்களுக்குத் தேவைப்பட்டமை அதன் பொருளியற் காரணம். 1542இல் அக்கரைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார், உள்ளூராரின் துணையோடு செபங்களைத் தமிழாக்கி மனனஞ் செய்து, மணியடித்துச் சிறுவரைக் கூட்டி அவற்றைக் கற்பித்தார். அச்சிறுவரே தம் பெற்றோருக்கு ஆசிரியராயினர். இந்த இளம் ஆசிரியர்களைப் பற்றித் தமிழ்த்தொண்டு வரலாறுகளில் ஒரு வரியேனும் இல்லை. மன்னாரில் இச்சமயத்தை ஏற்றோர் 1544இல் யாழ்ப்பாண மன்னன் சங்கிலியின் ஆணையாற் கொல்லப்பட்டனர். ஆகவே, இத்தீவின் தமிழரிடையே இப்பெயர் ஆட்சியாளரின் பெயராக வருவதற்கு முன்னரே ஆட்சியாளராற் கொல்லப்பட்டோரின் பெயராக வந்தது எனலாம்.

அன்றீக்கே அன்றீக்கசு அடிகளாரின் தம்பிரான் வணக்கம் 1578இற் கொல்லத்திலும், கிரீசித்தியானி வணக்கம் 1579இற் கொச்சியிலும் அச்சேறின. இவற்றின் சிறப்பைத் தமிழுலகின் கவனத்துக்குக் கொணர்ந்த சேவியர் தனிநாயகம் அடிகளின் பணி நன்றியுடன் நினைவுகூரத்தக்கது. இந்நூல்களில் இறைவனைக் குறிக்கத் தம்பிரான் என்ற நாட்டு வழக்கு கைக்கொள்ளப்பட்டுள்ளமை கவனிக்கத்தக்கது. இறைவனைக் குறிக்கும் பொதுச்சொல்லைத் தமிழிலிருந்து எடுத்துக்கொண்ட பாதிரிமார், திருநாமத்தை மொழிபெயர்க்க முனையவில்லை. அஃது ஒலியாகவே கையளிக்கப்பட்டது. ஒலியாகக் கையளிக்கப்பட்டதை வாங்கிக்கொண்டவர்கள் தம் நாவுக்கேற்ப மாற்றிக்கொண்டனர். போர்த்துக்கேயரின் முதலெழுத்து ஒலி தமிழர் செவிக்குச் சகரமாகக் கேட்டது, சேசு பிறந்தது.

1715இல் தரங்கம்பாடியில் அச்சேறிய சீகன்பால்குவின் புதிய ஏற்பாட்டோடு வலுப்பெற்ற சீர்திருத்தச் சபையாரின் வழக்கு, ஜெர்மானிய உச்சரிப்பையொட்டி யகரத்தைத் தழுவியது. நன்னூலார் யகரம் மொழிமுதலில் அ, ஆ, உ, ஊ, ஓ, ஔ ஆகிய உயிர்களோடு மாத்திரமே வருமென விதித்திருத்தலின், யேசு என்பது முன்னே ஓர் இகரத்தைச் சேர்த்து இயேசு என்றாயிற்று. சேசு என்ற வடிவத்துக்கு இத்தகைய இலக்கணச் சலுகை ஏதும் வேண்டியிருக்கவில்லை. எழுதப் படிக்க அறியாத கடற்றொழிலாளர் தம் வாய்வழக்கால் ஆக்கிக்கொண்ட வடிவமே தமிழ் ஒலியமைதிக்கு எவ்வித இடர்ப்பாடுமின்றி இயைந்து நின்றது என்பதைப் பண்டிதர்கள் சிந்தித்தல் நன்று.

பெயரிடும் வழக்கிலும் ஒரு நுட்பம் உண்டு. ஸ்பானிய மொழி வழங்கும் நாடுகளில் ஆண்மக்களுக்கு இத்திருநாமத்தையே நேராக இடுவர். நம்மிடையே சேசுதாசன், யேசுராசா, ஜேசுரத்தினம் என ஒரு சொற் சேர்த்தே வழங்குவர். தாசன் என்ற சொல் பக்தி மரபிலிருந்து வந்தது. இறைவனுக்கு அடிமை என்று கூறிக்கொள்பவன் மனிதர்க்கு அடிமையல்லன் என்ற பொருளும் அதிலிருந்து பிறத்தல் கூடும். அடிமைநிலையே இயல்பு என்ற பொருளும் பிறத்தல் கூடும். எப்பொருள் மேலோங்கும் என்பதைச் சொல் தீர்மானிப்பதில்லை. சமூக உறவுகளே தீர்மானிக்கின்றன.

4

1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் கத்தோலிக்கக் குருமாரைத் தடைசெய்தனர். கோயில்களைத் தம் சபைக்கு உரியனவாக்கினர். திருமுழுக்கும் திருமணமும் அவர்களின் பதிவேடுகளில் ஏறினாலன்றி உத்தியோகமும் உரிமைச்சொத்தும் பெறுதல் அரிதாயிற்று. 1687இல் யோசேப் வாஸ் அடிகள் இரவலர் கோலத்தில் வந்துசேரும்வரை, ஏறத்தாழ ஒரு தலைமுறைக் காலம், குருவின்றியே இச்சமயம் நிலவியது. பூசை இல்லை, பாவசங்கீர்த்தனம் இல்லை. எஞ்சியிருந்தவை வீட்டுச் செபங்களும் அவற்றின் நடுவிலிருந்த திருநாமமுமே. மூப்பர், அண்ணாவியார் ஆகிய பொதுநிலையினர் பின்னைய காலத்தும் இம்மரபைத் தாங்கினர். வீட்டுச் செபம் என்றால் அது பெண்களின் பொறுப்பில் இருந்தது என்பதை வெளிப்படையாகக் கூறவேண்டும். எந்தத் திருப்பட்டத்துக்கும் உரிமையற்றிருந்தோர் எல்லாப் பட்டங்களும் அற்றுப்போன காலத்தில் ஒரு சமயத்தைக் காத்தனர். நிறுவனமின்றி நாமம் வாழமுடிந்தது. நாமமின்றி நிறுவனம் திரும்பி வந்திருக்க முடியாது.

இக்காலப் பகுதிகளின் இலக்கியத்தில் இருவகைக் குரல்களைக் கேட்கலாம். போர்த்துக்கேயர் ஆட்சிக்காலத்தில் யாழ்ப்பாணத்தில் எழுந்த ஞானப்பள்ளு ஒன்று. பள்ளு இலக்கியம் வயலில் உழைக்கும் மக்களைப் பாத்திரங்களாக்கி, பாட்டுடைத் தலைவனைப் புகழ்வது. ஞானப்பள்ளில் அத்தலைவர் இயேசுநாதர். இதன் விளைவு நுனித்து நோக்கற்பாலது. நிருபத்தில் அடிமை வடிவெடுத்தவராகக் கூறப்பட்டவர் பள்ளில் ஆண்டையின் இடத்தில் அமர்த்தப்படுகின்றார். அடிமைகள் அவரைப் பாடுகின்றனர். ஐரோப்பாவில் விதியாலும் சின்னத்தாலும் நிகழ்ந்த மாற்றம் இங்கே இலக்கிய வடிவத்தினாலேயே நிகழ்ந்துவிட்டது. இருப்பினும், உழைப்போரின் வாயில் அப்பெயரை வைத்ததன் மூலம் புலவர் தம்மையறியாமலே வேறொன்றையும் செய்துள்ளார். கோயிலின் கடைசி வரிசைக்குரியோர் பாட்டின் முதல் வரிசைக்கு வந்துவிடுகின்றனர்.

மற்றொன்று யாக்கோமே கொன்சால்வேஸ் அடிகளின் வியாகுலப் பிரசங்கம். 1705இல் இலங்கை வந்து 1742இல் மறைந்த இக்கோவை நாட்டுக் குரவர், சிங்களத்திலும் தமிழிலும் மறைந்துவாழும் மக்களுக்காக எழுதினார். தவக்காலத்தில் ஊர் கூடி இராகத்தோடு ஓதிய அப்பிரசங்கத்தின் உணர்ச்சிமையம் மகனை இழந்த தாயின் துயராகும். நமது ஒப்பாரி மரபிலே தாய் பிள்ளையின் பெயரைவிட உறவுச்சொல்லையே பெரிதும் சொல்லி அழுவாள். தலைகுனிந்து கேட்கவேண்டிய பெயர், தலைவிரித்து அழவேண்டிய உறவாகின்றது. பள்ளில் உயரத்தில் நின்றவர் இங்கே மடியிற் கிடக்கின்றார். இரண்டும் ஒரே சமயத்தின் இலக்கியங்களே. ஆயின் ஒன்று பணிவைக் கேட்கின்றது, மற்றொன்று பரிவைக் கேட்கின்றது. உழைக்கும் மக்களிடையே எது ஆழ வேரூன்றியது என்பதைத் தவக்கால இரவுகளைக் கண்டோர் அறிவர்.

5

இனி அன்றாட வாழ்வுக்கு வருவோம். கரைவலை இழுக்குமிடத்தில் சம்மாட்டியும் இருக்கின்றார்; பங்குக்கு உழைக்கும் தொழிலாளியும் இருக்கின்றார். வலை கடலில் இறங்கும்போது இருவரும் ஒரே பெயரைச் சொல்லுகின்றனர். சம்மாட்டிக்கு அது முதலீட்டின்மேல் வேண்டும் ஆசி. தொழிலாளிக்கு அன்றைய உலையின்மேல் வேண்டும் ஆசி. பெயர் ஒன்று, பங்கு வேறு. சொல்லின் ஒருமையை மாத்திரம் கண்டு இதனைச் சமூக ஒற்றுமையென்று புகழ்வோர் பங்கின் வேற்றுமையைக் காணாதவர். பங்கின் வேற்றுமையை மாத்திரம் கண்டு இதனை ஏமாற்று என்று இகழ்வோர், அத்தொழிலாளி கடலில் தனித்து நிற்கையில் அவனுக்கிருந்த ஒரே சொல்லைக் காணாதவர்.

தலைகுனிதலும் அவ்வாறே. யாழ்ப்பாணச் சமுதாயத்தில் ஒடுக்கப்பட்ட சாதியினர் தம் மேலாளர் முன்னிலையிற் சால்வையைத் தோளினின்று இறக்கிக் குனிந்து நிற்கவேண்டியிருந்த காலம் நெடியது. அதே குனிவு கோயிலில் எல்லாரிடமும் கேட்கப்பட்டது. முதலியாரும் குனிந்தார், அவருடைய குடிமகனும் குனிந்தான். ஒருகணம் இருவரும் சமமாயினர். அக்கணம் கழிந்தபின் அவரவர் தத்தம் சாதிக்குரிய இருக்கைக்கே திரும்பினர். சாதிக்கொரு கோயிலும் ஒரே கோயிலிற் சாதிக்கொரு பகுதியும் இருந்தமை கத்தோலிக்கர் வரலாற்றின் மறைக்கவியலாத பக்கம். 1968இல் மாவிட்டபுரம் கோயில் வாசலில் நிகழ்ந்த போராட்டத்தைச் சைவரின் பிரச்சினையென்று கருதிய கத்தோலிக்க நடுத்தர வகுப்பினர் தம் கோயில் இருக்கைகளை எண்ணிப் பார்க்கவில்லை. திருநாமத்தை வீணாகச் சொல்லுதல் யாது என்ற வினாவுக்கு நமது விடை இங்கேயே கிடைக்கின்றது. அடிமை வடிவெடுத்தவர் பெயரைச் சொல்லிக் குனிந்துவிட்டு, அயலானை அடிமையாய் நடத்துவதைவிட வீணான உச்சரிப்பு வேறில்லை.

ஞானோபதேச மரபு வீண்சொல்லைக் கோபத்திலும் சிரிப்பிலும் ஆணையிடுதலிலும் தேடியது. தொழிலாளரின் வாய்மொழியை அது எப்போதும் ஐயத்தோடு நோக்கியது. திருநாமத்தை வாழ்த்தும் அடியையும் கொண்டு, நற்கருணை ஆசீர்வாதத்தின்போது சொல்லப்படும் புகழ்ச்சி மாலையானது தெய்வநிந்தைக்குப் பரிகாரமாக 1797இல் இத்தாலியில் இயற்றப்பட்டது. பிரெஞ்சுப் புரட்சியின் அதிர்ச்சி ஐரோப்பிய ஆளும் வகுப்பினரை ஆட்டிவைத்த ஆண்டுகள் அவை. அடித்தள மக்களின் நாவை அடக்குதலும் பக்தி முயற்சியும் ஒன்றோடொன்று பின்னிக்கிடந்ததை அக்காலச் சூழல் உணர்த்துகின்றது. ஆயின், கால் தடுக்கியபோது அல்லது அலை வள்ளத்தைத் தூக்கியெறிந்தபோது எழும் சேசுவே என்னும் குரல் செபமா, வீண்சொல்லா? அதைச் சொல்லியவரே பிரித்தறிதல் அரிது. பிரித்தறிய முடியாமையே அதன் உண்மை. மொழி அங்கே வழிபாட்டுக்கும் வாழ்க்கைக்கும் இடையேயுள்ள வேலியைத் தாண்டிவிடுகின்றது.

6

அண்மைக் காலத்தில் இரு மாற்றங்கள் நிகழ்ந்துள்ளன. இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் (1962-1965) பின்னர் வழிபாடு தமிழில் நிகழத் தொடங்கியது. 1995இல் வெளிவந்த திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பு இயேசு என்ற வடிவத்தைக் கைக்கொண்டது. சபைகளிடையே ஒற்றுமை என்ற அளவில் இது வரவேற்கத்தக்கது. எனினும், முதியோர் வாயில் எஞ்சியுள்ள சேசு என்ற வடிவத்தைப் பிழையெனத் திருத்தும் மனப்பான்மை படித்தவரிடையே வளர்ந்துள்ளமையை நாம் ஏற்பதற்கில்லை. நானூறு ஆண்டுக்கால உழைப்பும் தலைமறைவும் அவ்வடிவத்திற் படிந்துள்ளன. அதனைப் பிழையென்போர் ஓர் எழுத்தையன்று, ஒரு வரலாற்றையே திருத்துகின்றனர்.

இரண்டாவது போர். 1995 யூலை 9ஆம் நாள் நவாலித் தேவாலயத்தில் தஞ்சம் புகுந்திருந்த மக்களில் நூற்றுக்கும் மேற்பட்டோர் விமானக் குண்டுவீச்சில் மாண்டனர். 2019 ஏப்பிரல் 21, உயிர்த்த ஞாயிறன்று கொச்சிக்கடைப் புனித அந்தோனியார் கோயில் உள்ளிட்ட இடங்களிற் குண்டுகள் வெடித்தன. அத்தகைய கணங்களில் மக்கள் வாயிலிருந்து எழும் பெயரை அபினி என்று கூற எம்மால் இயலாது. அது நோவைத் தணிக்கவில்லை. நோவுக்குச் சாட்சி சொல்லியது. அதேவேளை, அம்முறையீடு வானத்தை நோக்கியதாகவே நின்றுவிடும்வரை, அதற்குப் பொறுப்புக்கூற வேண்டியவர்கள் பூமியில் நிம்மதியாக இருப்பர் என்பதையும் கூறாதிருத்தல் நேர்மையாகாது.

நமது முடிபு இதுவே. திருநாம வணக்கத்தை நிறுவனத்தின் சொத்தாகக் காணும் திருச்சபை ஆய்வாளரும், நிறுவனத்தின் சூழ்ச்சியாகக் காணும் நம் தோழர் சிலரும் ஒரே தவறையே செய்கின்றனர். இருவருமே மக்களிடமிருந்து அச்சொல்லைப் பறித்து நிறுவனத்துக்கு ஒப்படைத்துவிடுகின்றனர். அதற்கு மாறாக, பாட்டிமார் வாயிலுள்ள செபங்கள், தொழிற்களத்து விளிகள், மரணவீட்டுச் சொற்கள் ஆகியவற்றை அவர்கள் சொல்லும் வடிவிலேயே திரட்டி ஆராய்வது நமது பல்கலைக்கழகத் தமிழ்த்துறைகளின் உடனடிப் பணியாகும். யார், எந்நிலையில், எவர் முன்னிலையிற் சொன்னது என்ற குறிப்பு ஒவ்வொன்றோடும் இருத்தல் வேண்டும். சொன்னவரின் கைகளையும் காணாத ஆய்வு, சொல்லை மாத்திரம் கண்ட ஆய்வாகவே நின்றுவிடும்.